நான்காவது கேள்விக்கு அவள் எழுதிய பதில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அந்தக் குளிர்க் கிடங்கில் கையுறை இல்லாமல் பெட்டியைத் தொடாதே. விரல் மரத்துப் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இங்கே பச்சைத் தண்ணீரில் கை வைத்தாலே உன் ஞாபகம்தான். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, இரண்டு அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து உன் தங்கச்சி தண்ணீர் கொண்டு வருவாள். இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியது. அதனால்தான் லாண்டரியில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இஸ்திரி மேஜை மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். சூட்டில் தாள் சுருண்டுகொண்டு போகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

அப்பா பாத்ரூம் வாசலில் விழுந்தார், இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆயிற்று என்பது வரை உனக்குத் தெரியும். அது பொய்யில்லை. வீட்டில் ஆள் இருக்கும்போது அவர் ஏன் தனியாக எழுந்தார் என்று நீ இரண்டு தடவை கேட்டாய், நானும் இரண்டு தடவை மழுப்பினேன். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. யார் மேலும் கோபப்படாமல் படி.

சின்னவள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தாள் அல்லவா, அந்த வானிலைப் படிப்பு. மேகம், காற்று, மழை இதையெல்லாம் போய்ப் படிப்பதா, அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நான் கேலி செய்ததும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நீயே சொல்லிச் சிரித்தாய். மார்க் இருக்கிறது, அதில் கவலை இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லையாம், விண்ணப்பத்தோடு சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திதான் எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூடினாலும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று ஒன்று, உனக்குப் பிடித்த இடம் எது என்று ஒன்று, அதற்கெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மழை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று தெரியும் என்று எழுதியிருந்தாள், எனக்கே படிக்க நன்றாக இருந்தது. நான்காவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாள். வகுப்புக்கு வெளியே உன் நேரத்தை எப்படிச் செலவிடுகிறாய் என்று கேட்டிருந்தார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு நீச்சல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஒருத்தி குதிரையே ஓட்டுகிறாளாம். இவள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்னம்மா எழுதறது, நான்தான் ஒண்ணுமே பண்ணலையே என்றாள். அப்பாவைப் பாத்துக்கறியேடி, அதை எழுது என்றேன். அது பொழுதுபோக்காம்மா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாதம் விட்டுவைத்த அந்தப் பாதி முகத்தால் சிரித்து, சரி சரி என்றார். நீ போன பிறகும் அவருக்கு வேறு வார்த்தை வரவே இல்லை, பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரிதான். சொல்கிற தினுசைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்வோம்.

கடைசியில் அப்பாவோடு சீட்டு விளையாடுகிறேன், அவர் இடது கையாலேயே என்னை ஏமாற்றுகிறார் என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாள். அது உண்மைதான், துருப்புச் சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைப்பதில் உங்கப்பாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அவள் பள்ளியில் மேற்படிப்பு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ளவென்றே ஒரு டீச்சர் இருக்கிறாள். அந்த அம்மா கெட்டவள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்காக ஓடி ஓடி உழைக்கிறவள். அவள் படித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல உன்னைக் காணோமே, ஸ்கூல் விட்டதுலேர்ந்து அம்மா வர்ற வரைக்கும் நிஜமா என்ன பண்றே, அதைச் சொல்லு என்றாளாம். இவள் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இதை எழுதும்மா, எதையும் மறைக்காம எழுது, இதைத்தான் அவங்க தேடறாங்க என்றாளாம். மறைக்காமல் எழுது என்று சொன்னதை இந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் எனக்கு லாண்டரி விடுமுறை. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று டீச்சரே வீடு தேடி வந்தாள். அப்பாவுக்கென்று ஒரு பொட்டலம் பன் வாங்கி வந்திருந்தாள். சின்னவள் டீ போட உள்ளே போனாள். நான் கையெழுத்துப் போட்டதும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு தெரியுமா, நீங்க கேட்டே ஆகணும் என்று அந்த நான்காவது பதிலை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா நாங்கள் பேசிக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவளுக்கு அவர் அங்கே இருக்கிற ஒரு நாற்காலி, அதற்கு மேல் தோன்றவில்லை. வாய் பேசாதவருக்குக் காதும் இல்லை என்று இந்த மாடிவீடுகளில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள், அவளை மட்டும் என்ன சொல்ல. அவள் படித்தது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, உனக்கும் எழுதுகிறேன்.

‘பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடுவேன். வாதம் வந்து படுத்த அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துணி மாற்றுவேன், குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஏதாவது பேசிக்கொண்டே செய்வேன், பெரும்பாலும் மேகங்களைப் பற்றி. தோழிகள் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. நான் வரமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். சில நாள் மாடிப்படி ஏறும்போது, வாதம் வந்த அன்றைக்கே அப்பா போயிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைப்பேன். கதவைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நேராகப் போய்க் கை கழுவுவேன்.’

அவ்வளவுதான். ஆரம்பத்தில் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார், மகளை யாரோ வீடு தேடி வந்து புகழ்கிறார்கள் என்ற பெருமை. அந்த வரி வந்தபோது சிரிப்பு கலையவில்லை, அப்படியே உறைந்து நின்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவருக்கு இதெல்லாம் புரியாதில்ல என்று என்னிடம் கேட்டாள். புரியும் டீச்சர், எல்லாமே புரியும் என்றேன். அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பன் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டக்கூட மறந்து படியிறங்கினாள், பாதி வழியில் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனாள். சின்னவள் டீ டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அப்பா அவளைப் பார்த்து ஒரே ஒரு தடவை சரி என்றார். இதுவரை நான் கேட்காத சரி அது.

அன்றிலிருந்து அவர் அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. கோபம் என்றால்கூடச் சமாதானம் செய்துவிடலாம், அது கோபம் மாதிரியும் இல்லை. துணி மாற்ற வந்தால் போர்வையை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொள்வார். நான் வேலை முடிந்து வருகிற வரைக்கும் அப்படியே அடக்கிக்கொண்டு கிடப்பார், அதற்காகவே பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார், உதடெல்லாம் வெடித்துப் போயிற்று. என்னங்க இது சின்னப் பிள்ளை மாதிரி என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, அப்பா அந்த ஒரு வரியை எடுத்துடறேம்ப்பா, நான் அப்படி நினைக்கலப்பா என்று அழுதாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டீச்சருக்கும் போன் செய்தாள், அந்த வரியை எடுக்க முடியுமா என்று. பள்ளி முத்திரை வைத்து அனுப்பியாயிற்றாம். அந்த வரிதாம்மா அதுல உசிரு, அதைப் போய் எடுக்கலாமா என்றாளாம்.

விழுந்தது ஒரு மத்தியானம். பள்ளி இல்லாத நாள், நான் லாண்டரியில். அவள் ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு முகம் துடைத்துவிடப் போயிருக்கிறாள், அவர் அதைப் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டு வெளியே போ என்று கையைக் காட்டியிருக்கிறார். அவள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். வேறு எங்கே போவாள், அவளுக்கு இருப்பது அந்த ஒரு இடம்தான். அவள் போனதும் இவர் எழுந்திருக்கிறார். ஓடாத லிஃப்ட்டைப் பழுதுபார்க்க அதன் உச்சியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்த மனுஷன், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போக முடியாதா என்று நினைத்தாரோ என்னவோ. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை போயிருக்கிறார், அது வரை போனதே அதிசயம் என்று டாக்டர் சொன்னார். கீழ்வீட்டுத் தையல்காரி தலைக்கு மேல் ஏதோ பீரோ சாய்ந்தது என்று நினைத்து ஓடி வந்தாள். அவள் போட்ட சத்தத்தில்தான் சின்னவள் மாடியிலிருந்து இறங்கினாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அப்பா கண் திறந்திருந்தார். சின்னவள் அவர் வேட்டியை இழுத்து மூடிவிட்டு, தொடக்கூடாது என்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று என்றுதான் சொன்னார்கள், ஆனால் நடுவில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து ரொம்பப் பயமுறுத்திவிட்டார். இப்போது உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இனிமேல் எழுந்து நிற்கவோ, நாற்காலியில் தானாக மாறி உட்காரவோ மாட்டார், படுக்கைதான். இதை உன்னிடம் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அத்தனை நாளும் சின்னவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஆனால் வார்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தாழ்வாரத்தில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் எழுதினதுதாம்மா அவரைத் தள்ளிவிட்டுச்சு என்றாள். அந்த மாதிரி நினைப்பு எனக்கும் வந்திருக்குடி, உங்கப்பா மூத்திரத் துணியை அலசும்போதெல்லாம் வந்திருக்கு, அதுக்காக நான் அவரைக் கொன்னுட்டேனா என்று கேட்டேன். நீ என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே என்றாள். சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, தங்குவதற்கும் படிப்புக்கும் ஆகிற செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். போனை என்னிடம் நீட்டினாள். கீழே தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள், நான்காவது கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை எங்கள் குழுவில் யாராலும் மறக்க முடியவில்லை என்று. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். நான் போகலம்மா, அப்பாவை விழவெச்சு வாங்கின சீட் எனக்கு வேண்டாம் என்றாள். எனக்குக் கை நீண்டுவிட்டது பெரியவனே, அந்தத் தாழ்வாரத்தில் அத்தனை பேர் முன்னால் அடித்திருப்பேன், ஒரு நர்ஸ் கடந்து போனாள், கையை இறக்கிக்கொண்டேன்.

உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். உங்க பொண்ணுக்கு எடம் கெடைச்சிடுச்சு, போகமாட்டேங்கறா, நீங்களே ஒரு வழி சொல்லுங்க என்றேன், சொல்ல முடியாதவரிடம் போய் அப்படிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மோவாயைத் தடவிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் தாடியைத் தடவி, கதவைக் காட்டினார். இந்தக் கோலத்தில் அவள் பார்க்க வேண்டாம் என்கிறார். வார்டில் ஒரு ஆள் வந்து சவரம் செய்துவிடுவான், அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன், சட்டை மாற்றினேன், தலையைப் படிய வாரிவிட்டேன். அப்புறம் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றாள். அவர் இடது கையை நீட்டினார். அவள் கிட்டே போனதும், அப்பா நான் எழுதினது என்று ஆரம்பித்தாள், அவர் சட்டென்று உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்திவிட்டார். அவள் பேச முயற்சி செய்தாள், அவர் கையை எடுக்கவில்லை. நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து விரட்டுகிற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது. அவள் கண்ணீர் அவர் விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது.

வெளியே வந்து அவள் என்ன சொன்னாள் தெரியுமா, என்னைப் பேசவே விடலம்மா, கோவம் இன்னும் போகல என்றாள். நான் பார்த்தது அது இல்லை. நீ எதையும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும் என்று அந்தக் கை சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அடித்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை, அவரைக் கேட்டால் சரி என்பார். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில், போறேம்மா, ஆனா சந்தோஷமா போகச் சொல்லாதே என்றாள். அன்றைக்கே சம்மதம் என்று அவர்களுக்குப் பதில் அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். அப்பா அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு யார் என்று கவலைப்படாதே, கீழ்வீட்டுத் தையல்காரி, என் மெஷினை மேல தூக்கிப் போடுங்கக்கா, எங்கே உட்கார்ந்து தச்சா என்ன, அண்ணனை நான் பாத்துக்கறேன் என்று தானாகவே சொன்னாள். அவள் வாய்க்குப் பயந்து உங்கப்பா எழுந்து ஓடினாலும் ஓடுவார் என்று சொன்னேன். சின்னவள் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன். உன்னைத் திரும்பி வா என்று கேட்கவில்லை, நீ அங்கே நிற்பதால்தான் இந்த வீடு நிற்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் நீ கிளம்புவதற்கு முன்னால் அப்பாவைத் தூக்கிச் சுமந்தவன். உனக்கும் ஒரு நாளாவது, ஒரு நிமிஷமாவது, அந்த நினைப்பு வந்திருக்கும். வரவில்லை என்றால் நீ என் வயிற்றில் பிறந்தவனே இல்லை. வந்திருந்தால் அதை அவளிடம் சொல். என்னை அவள் நம்பவில்லை, அம்மா எதையாவது சொல்லித் தேற்றுவாள் என்று நினைக்கிறாள். நீ சின்ன வயசிலிருந்து அவளிடம் பொய் சொன்னதில்லை, அவள் மண்டையில் குட்டும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் குட்டுவாய். அவள் தனியாக மாடியில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. புத்திமதி வேண்டாம், அப்பா மன்னித்துவிட்டார் என்றும் சொல்லாதே, அது நமக்குத் தெரியாது. நானும் நினைச்சிருக்கேன்டி என்று மட்டும் சொல். அப்படி நினைத்துவிட்டும் கதவைத் திறந்து உள்ளே போய் அவருக்கு ஊட்டினவள் அவள், அதையும் முடிந்தால் சொல்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. டபுள் ஷிஃப்ட் பார்க்காதே, மரத்த விரலை ஒரு டாக்டரிடம் காட்டு, காட்டினேன் என்று என்னிடம் பொய் சொல்லாமல் காட்டு. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உடம்போடு, உன்னைப் புரிந்துகொள்கிற மனுஷர்களோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அப்பாவின் ஆசியும் இதில் உண்டு, கடிதம் எழுதப் போகிறேன் என்றபோது தலையை அசைத்தார். சாப்பிடப் போனவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், விரிப்புகள் மலை மாதிரி கிடக்கின்றன. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. சின்னவளிடம் பேசும்போது வாழ்த்துகள் என்று ஆரம்பித்துவிடாதே. எல்லோரும் அதையே சொல்கிறார்கள், சொல்லும்போதெல்லாம் அவள் போய்க் கை கழுவிக்கொண்டு வருகிறாள்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா